லயத்துக் கார்டுகளோடு மதுரைக்குப் போன செல்லசாமி

மஸ்கெலியா டவுனில் காசு மெஷின் வரிசையில் செல்லசாமி நின்றுவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். முடி வெட்டிக்கொண்டு வரலாம். பெண் பார்க்கப் போய், சம்மதமும் வாங்கிக்கொண்டு திரும்பிய ஒருவர் அப்போதும் அவருக்குப் பின்னாலேயே நிற்க வேண்டியிருந்தது என்று டவுனில் ஒரு கதை உண்டு. செல்லசாமி பார்வைக்கு ஒற்றை ஆள். மெஷினுக்கு முன்னால் அவர் ஒரு முழு லயம்.

அந்த லயம், தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளாக இருக்கும் பத்தாம் நம்பர். சம்பளத்தைக் கையில் கொடுக்கிற வழக்கத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் வங்கிக் கணக்குத் திறக்கச் சொன்ன வருஷத்தில், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கார்டு வந்து சேர்ந்தது. மேடை போட்டு, மாலை போட்டு, நவீன காலம் தோட்டத்துக்கு வந்துவிட்டது என்று பேசினார்கள். உண்மையில் அது டவுன் வரைக்கும்தான் வந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கி, பஸ் பிடித்து, ஒரு நாளைத் தொலைக்க வேண்டும். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாத நாளுக்குத் தோட்டத்தில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. சம்பளத்தை எடுக்கப் போய்ச் சம்பளத்தை இழப்பதா என்று லயம் யோசித்தது. தோள்பட்டை நோவினால் இலேசான வேலைக்குத் தள்ளப்பட்டிருந்த செல்லசாமியின் கையில் எல்லாக் கார்டுகளும் வந்து விழுந்தன.

இரகசிய எண் விஷயம் இன்னும் விசேஷம். யாருக்கும் தெரியாத நாலு இலக்கம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று வங்கியில் கேட்டார்கள். லயத்து மக்களுக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே எண்தான். தோட்டத்துப் பேர்ப்பதிவில் அவரவருக்கு உள்ள செக்ரோல் நம்பர். நூற்றிருபத்தேழாம் நம்பர் லெட்சுமி, முன்னால் ஒரு பூச்சியம் போட்டுக்கொண்டாள். மற்றவர்களும் அப்படியே. வங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த இரகசியத்தைக் வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயா தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. கார்டில் பேர் இங்கிலீஷில் இருப்பதால், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை வெட்டி, அதில் தமிழில் பேர் எழுதி, ஒவ்வொரு கார்டின் முதுகிலும் ஒட்டி வைத்திருந்தார் செல்லசாமி. கார்டுகள் இருந்த பையை அவர் மனைவி ராசம்மாகூடத் தொடமாட்டாள்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். போலீஸ் எது கேட்டாலும் பத்தாம் நம்பர் லயத்தில் ஒரே பதில்தான்: "மம தன்னே நே மாத்தயா." எனக்குத் தெரியாது ஐயா. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கும் முன்பே இந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிடும். சண்டைக் காலத்தில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வைத்து, "இந்தப் பையனைத் தெரியுமா?" என்று கேட்டபோது, அடுத்த லயத்துப் பையனாயிற்றே என்று வீரய்யா உண்மையைச் சொன்னார். "தெரியுமுங்க, நம்ம பய." அந்த ஒரு பதிலுக்காக அவர் உள்ளே போய், இரண்டு தீபாவளி கழித்து, காது ஒன்று மந்தமாகித் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு லயத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது.

சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வந்த சேமலாப நிதி செல்லசாமியின் கைக்கு வந்தபோது, கூரைத் தகரம் மாற்றலாம் என்றார் அவர். ராசம்மா வேறு மாதிரிச் சொன்னாள்.

"சீசனுக்குச் சீசன் மலையேறிச் சாமி கும்புட வர்றவுங்களுக்கு வழி காட்டியே வயசாயிருச்சு. ஊரு உலகமெல்லாம் நம்ம வாசல் வழியா யாத்திரை போகுது. நாம ஒரு தடவ எங்கயாச்சும் போனா என்னாங்க?"

பிள்ளை இல்லாத வீடு. அவள் கேட்டு அவர் மறுத்தது அதுவரை ஒன்றே ஒன்றுதான், ஒரு பூனை. இதை மறுக்கவில்லை.

ஹட்டனில் யாத்திரைக் குழு நடத்தும் சுதாகரன், கோயில் மண்டபத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் புத்தி சொன்னார். "வெளிநாட்டுக்குப் போறோம். காச ஒரே எடத்துல வைக்கக் கூடாதுங்க. கொஞ்சம் பையில, கொஞ்சம் இடுப்புல, கொஞ்சம் கார்டுல. ஒன்னு போனாலும் இன்னொன்னு இருக்கணும்." உடனே ஒரு துணிப்பையை விரித்தார். "இப்ப எல்லாரோட பாஸ்போர்ட்டையும் இதுல போடுங்க. நானே வச்சுக்கிறேன். அதுதான் பாதுகாப்பு." இரண்டு புத்திமதியும் ஒரே மூச்சில் வந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

செல்லசாமி லயத்துக்கு வந்து இதை ஒப்புவித்தார். லெட்சுமிதான் முதலில் எழுந்து போய்த் தன் கார்டைத் திரும்பக் கொண்டு வந்தாள். சம்பள நாள் முடிந்து அப்போதுதான் வாங்கிப் போயிருந்தாள்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. போற எடத்துல ஒரு ஆத்திர அவசரம்னா யாருகிட்டப் போய் நிப்பீங்க?"

"என்னா புள்ள, என் கார்டே இருக்குல்ல."

"ஒரே எடத்துல இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க காசு எங்க பேருல, ஆளுக்கொரு எடத்துல கெடக்கு. இதவிடப் பாதுகாப்பு வேணுமா?"

வீரய்யா தன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் கார்டையும் வைத்தார். "அங்க போயி நல்ல வேட்டியா பாத்து எனக்கு ஒன்னு வாங்கு. மீதிக்குக் கணக்கு கேக்கமாட்டேன். போன தடவ கேட்டேனா?" ஒவ்வொருவராக வந்தார்கள். ராசம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "எங்களுக்கு டிக்கெட் ரெண்டு. போறது என்னமோ லயம் பூராவும்."

கார்டுகள் வெளிநாட்டில் வேலை செய்ய வேண்டுமென்றால் அவரவர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். ஒரு பௌர்ணமிப் போயா லீவுக்கு மறுநாள், அன்றைய கூலி போனாலும் போகட்டும் என்று, பத்தாம் நம்பர் முழுவதும் டவுன் வங்கிக்கு இறங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அலுவலர் கஜதீபன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன ஐயா இது? முழு லயமும் வெளிநாடு போகுதோ?"

"ஆமாங்க சார்," என்றார் செல்லசாமி. "யாத்திரை."

"எல்லாரும் ஒண்டாவோ? அப்ப கொழுந்து ஆர் பறிக்கிறது?"

லெட்சுமி மேலே ஓடும் காற்றாடியைப் பார்த்தாள். கஜதீபன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றிலும் முத்திரை குத்தினார். கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒண்டு மட்டும் கவனமா வச்சிருங்கோ. உங்கட கார்ட்டை வேற ஒருத்தரிட்டையும் குடுக்காதேங்கோ. நம்பரையும் சொல்லாதேங்கோ. வெளிநாட்டில அது பெரிய பிரச்சினையாப் போம். விளங்குதே?"

"வெளங்குதுங்க சார்," என்று லயம் ஒரே குரலில் சொன்னது. வெளியே வந்ததும், பஸ் ஸ்டாண்டிலேயே, கார்டுகளைச் செல்லசாமியின் பையில் போட்டுவிட்டு மேல் டிவிசன் பஸ்ஸில் ஏறியது.

மதுரையில் முதல் இரண்டு நாளும் ராசம்மா நடந்த நடை செல்லசாமிக்கே ஆச்சரியம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். மல்லிகைப் பூ வாங்கித் தலையில் வைத்தாள். பூக்காரியிடம் பேரம் பேசிவிட்டு வந்து, "ஏங்க, இங்க எல்லாரும் நம்மள மாதிரியே பேசுறாங்க, பாத்தீங்களா?" என்று அதிசயப்பட்டாள். "யாரும் நம்மள எந்த ஊருன்னே கேக்கல!"

மூன்றாம் நாள் காலையில், பழனிக்குப் போகும் பஸ்ஸுக்காக விடுதிப் படியில் இறங்கும்போது, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சில் யாரோ கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். கிட்டத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழுவை நிறுத்தி வைக்க முடியாது என்பதால் சுதாகரன் பழனிக்குப் போக வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட் பையும் அவரோடு போயிற்று. நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்திருந்த அம்மாக்கண்ணு என்ற விதவை மட்டும், "பழனி எங்கயும் ஓடிப் போகாது, நான் அக்காகூட இருக்கேன்," என்று தங்கிவிட்டாள்.

இரத்தக் குழாயில் அடைப்பு, உடனே திறக்க வேண்டும் என்றார் டாக்டர். கீழே கட்டணக் கவுண்டரில் முன்பணம் கட்டி, ரசீதைக் கொண்டு வரச் சொன்னார்கள். செல்லசாமியின் பையில் இருந்த இந்தியக் காசைக் கவுண்டர்காரர் ஒரு பார்வையிலேயே போதாது என்று தள்ளினார். செல்லசாமி மாடிக்கு வந்து சொன்னதும், ராசம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்து நீட்டினாள். கோழி முட்டை விற்றுச் சேர்த்தது. எல்லாம் இலங்கை நோட்டு. அதை எடுத்துக்கொண்டு அவர் மறுபடி கீழே போனார்.

"இத மாத்திக்கிட்டு வாங்க பெரியவரே," என்றார் கவுண்டர்காரர், ஏதோ சின்னப் பிள்ளை விளையாட்டுக் காசு கொடுத்ததுபோல. காசு மாற்றுகிற கடைக்காரர் பாஸ்போர்ட் கேட்டார். அது பழனிப் பாதையில் போய்க்கொண்டிருந்தது.

செல்லசாமி மாடிக்குத் திரும்பி வந்து, சுருக்குப் பையை ராசம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார். "மெஷின்ல எடுத்துட்டு வந்துர்றேன் புள்ள. கார்டெல்லாம் இருக்கு."

"லெட்சுமி காசையெல்லாமா எடுக்கப் போறீங்க?"

"அவசரத்துக்குத்தானே குடுத்தாங்க. ஊருக்குப் போயிப் போட்டுருவோம்."

அவள் அவர் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் வந்துருங்க. இந்த எடம் எனக்குப் புடிக்கல. நம்மள மாதிரிப் பேசுனாலும் நம்ம ஆளுங்க இல்ல."

தெருமுனையில் இருந்தது மெஷின், கண்ணாடிக் கதவுக்குள், குளிர்ந்த காற்றோடு. முதலில் தன் கார்டு. பிறகு ராசம்மாவுடையது. அவை இரண்டிலும் யாத்திரைச் செலவு போக மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். லெட்சுமியின் கார்டைப் போட்டு அவள் செக்ரோல் நம்பரை அழுத்தினார். காசு வந்தது. வீரய்யாவுடையது. வந்தது. ஒரு கார்டை மெஷின் துப்பியது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். மஸ்கெலியா மெஷினுக்கு அவரைத் தெரியும். இந்த மெஷினுக்குத் தெரியாது. வெளியே வரிசை நீண்டது. இங்கே யாரும் டீ குடிக்கப் போகவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார்கள்.

அந்தக் கதவிலேயே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பிறர் கார்டுகளைத் திருடிப் பணமெடுக்கும் கும்பல் நடமாடுகிறது, சந்தேகப்படும் நபரைக் கண்டால் தெரிவிக்கவும். அதைச் செல்லசாமியும் வாசித்தார். இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களே என்று நினைத்து, பையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கமாக இடுக்கிக்கொண்டார். இறுக்கி இடுக்கியதைப் பார்த்துத்தான் காவலாளி போன் செய்தான்.

போலீஸ் நிலையத்தில் கார்டுகளை மேசை மேல் பரப்பினார்கள். பத்தாம் நம்பர் லயம், வரிசை மாறாமல், பிளாஸ்டர் ஒட்டிய முதுகோடு படுத்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"லெட்சுமி யாரு?"

"பக்கத்துக் காம்பராங்க ஐயா, நடுவுல ஒரே சுவருதான்."

"வீரய்யா?"

"அவரு அந்தப் பக்கத்துக் காம்பரா."

"எல்லாருடைய நம்பரும் ஒனக்கு எப்படிய்யா தெரியும்?"

"அது எல்லாருக்கும் தெரியுமுங்க. செக்ரோல் நம்பருங்க. காலைல கண்டாக்கு ஐயா கூப்புடுவாருங்க."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கூரையைப் பார்த்தார். இப்படி ஒரு பொய்யை இதுவரை அந்த நிலையத்தில் யாரும் சொன்னதில்லை.

"எந்த ஊருய்யா நீ?"

"இலங்கைங்க ஐயா. மலைநாடு. மஸ்கெலியா."

"இலங்கையா? சிலோன் தமிழ் எங்களுக்குத் தெரியாதா? 'கதைக்கிறம்'பான், 'ஓம்'பான். நீ திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் மாதிரில்ல பேசுற!"

"நாங்க பேசுறது இப்படித்தாங்க. எங்க பூட்டன் காலத்துல இந்தப் பக்கமிருந்து போனவுங்க."

"பாஸ்போர்ட் எங்க?"

"பழனிலங்க."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்லசாமிக்கு ஒன்று புரிந்தது. பிறந்த நாட்டில் இவரது பாட்டன்மாரைப் பார்த்து, நீங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சொன்னார்கள். இங்கே, நீ இந்த நாட்டுக்காரன்தானே, ஏன் பொய் சொல்கிறாய் என்கிறார்கள். இரண்டு தரமும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பது என்னவோ அதே குடும்பம்தான்.

"ஐயா, எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்குறா. காசு கட்டுனாத்தான் கைய வைப்பாங்க. இந்தக் காசக் கட்டிட்டு இங்கயே வந்து உக்காந்துக்கிறேங்க. ஓடமாட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டார்கள். ராசம்மா என்று ஒரு நோயாளி இருப்பது உண்மைதான் என்றார்கள். "திருடன் பொண்டாட்டிக்கும் நெஞ்சுவலி வரத்தான்யா செய்யும்," என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழி சொன்னார். "கார்டுக்காரங்க யாராவது ஒருத்தர், 'ஆமா, நான்தான் குடுத்தேன்'னு சொல்லட்டும். இப்பவே விட்டுடுறேன். நம்பர் இருக்கா?"

செல்லசாமிக்கு உயிர் வந்தது. ஒருத்தர் என்ன, லயமே சொல்லுமே! சுதாகரனின் போன் பழனி மலையடிவாரத்தில் எடுப்பாரில்லாமல் அடித்தது. லெட்சுமியின் நம்பர் அவருக்கு மனப்பாடம். மதியச் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கியிருக்கும் நேரம். எல்லாரும் வாசலில்தான் இருப்பார்கள். இன்ஸ்பெக்டர் போனை மேசை மேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்துவிட்டார்.

"ஹலோ, லெட்சுமியாம்மா? இங்க இந்தியா, மதுரையிலருந்து போலீஸ் பேசுறோம்."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரித்தது. அதற்குப் பிறகு அந்தக் கோழியும் பேசவில்லை.

"செல்லசாமிங்கிறவருகிட்ட ஒங்க பேங்க் கார்டு இருக்கு. நீங்க குடுத்தீங்களா?"

"இல்லீங்க ஐயா," என்றாள் லெட்சுமி. குரல் நடுங்கியது. உறுதி நடுங்கவில்லை. "நான் யாருகிட்டயும் ஒன்னும் குடுக்கலீங்க. எனக்கு ஒன்னும் தெரியாதுங்க."

"லெட்சுமி!" செல்லசாமி நாற்காலியிலிருந்து பாய்ந்தார். "உண்மையச் சொல்லு புள்ள! குடுத்தேன்னு சொல்லு!"

ஏட்டு அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நோவுள்ள தோள். செல்லசாமி கத்திவிட்டார்.

அந்தக் கத்தல் கடல் தாண்டிப் பத்தாம் நம்பர் வாசலில் விழுந்தது. அடிக்கிறார்கள் என்று லயத்துக்குத் தெரிந்துபோயிற்று. அடித்து, 'உண்மையைச் சொல்லு' என்று அவர் வாயாலேயே கத்த வைக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஜனம்தானே. லெட்சுமி அழுதுகொண்டே சொன்னாள்: "அவரு நல்லவருங்க ஐயா. அவருக்கும் ஒன்னும் தெரியாதுங்க. எங்ககிட்ட கார்டே இல்லீங்க."

போன் கை மாறியது. வீரய்யா வந்தார்.

"பெரியவரே, செல்லசாமியத் தெரியுமா?"

"மம தன்னே நே மாத்தயா."

"என்னய்யா பாஷை இது? தமிழ்ல சொல்லுங்க. செல்லசாமி, ஒங்க லயம்."

"செல்லசாமியா? அப்படி யாரும் இல்லீங்க இங்க. தன்னே நே மாத்தயா, தன்னே நே!"

அடுத்தவர். அதற்கு அடுத்தவர். ஒவ்வொரு குரலையும் செல்லசாமி அடையாளம் கண்டார். மூச்சு வாங்குவதை வைத்தே யாரென்று சொல்லக்கூடியவர். ஒருத்தர்கூடத் தவறவில்லை. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிற மாதிரி, எல்லாரும் அவரைத் தெரியாது என்றார்கள். அவர்கள் எவ்வளவு பயந்திருக்கிறார்கள், பயந்தும் எவ்வளவு விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார்கள் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். அவரது முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச இரக்கமும் போய்விட்டிருந்தது.

"ஆக ஊரே இல்லேங்குது," என்றார்.

வெயில் சன்னல் கம்பியில் ஏறிக்கொண்டே போயிற்று. அம்மாக்கண்ணு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை செல்லசாமியின் போனுக்கு அடித்திருப்பாள்; அது இந்தியாவில் வேலை செய்யாத போன். மேசை மேலிருந்த கார்டுகளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொன்ன வாய்கள் எல்லாம் அங்கே வரிசையாகப் படுத்திருந்தன. அப்போதுதான் கார்டின் பின்புறம், பிளாஸ்டருக்குக் கீழே, வங்கியின் தொலைபேசி எண் அச்சாகியிருப்பது நினைவுக்கு வந்தது. வீரய்யாவின் பேரை மெதுவாக உரித்தார்.

"ஐயா, கடைசியா ஒரே ஒரு போனுங்க. டவுன் பேங்க்ல கஜதீபன் சார்னு ஒருத்தரு."

முதலில் ஒரு பெண் குரல் மூன்று மொழியில் நன்றி சொன்னது. பிறகு பாட்டுப் போட்டது. பிறகு இன்னொருவர், பிறகு இன்னொருவர். வங்கி சாத்துகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் கஜதீபன் கிடைத்தார். இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொன்னார்.

"ஓம், தெரியும் சேர். இவை எல்லாரும் ஒண்டா வந்துதான் கார்ட்டைத் திறந்தவை. முழு லயமும் வெளிநாடு போகுதெண்டு எனக்குச் சொன்னவை. எனக்கு அண்டைக்கே விளங்கியிருக்க வேணும். அந்த மனுசன் களவெடுக்கிற ஆள் இல்லை, சேர். சம்பள நாளில பாக்கிறனான். ஒரு ரூவா பிசகாது. விட்டுவிடுங்கோ."

இலங்கைத் தமிழ் எப்படி இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்திருந்தாரோ, அது அச்சு அசல் அப்படியே இருந்தது. அவர் நம்பிவிட்டார். எடுத்த காசையும் கார்டுகளையும் திருப்பிக் கொடுத்து, ஆட்டோவுக்கும் தானே சொல்லிவிட்டார். "இனிமே இப்படி அடுத்தவன் கார்டைத் தூக்கிட்டு அலையாத பெரியவரே," என்றார்.

ஆஸ்பத்திரியில் செல்லசாமி நேராகக் கட்டணக் கவுண்டருக்கு ஓடினார். ரசீது இல்லாமல் மேலே வராதீர்கள் என்று காலையில் சொல்லியிருந்தார்களே. கவுண்டர்காரர் நோட்டுகளை மெஷினில் விட்டு எண்ணினார். சரியாக இருந்தது. பேர் கேட்டார். ராசம்மா என்று சொன்னார். ரசீது வந்தது. அதை ஈரம் படாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

மாடி வராந்தாவில் அம்மாக்கண்ணு நின்றிருந்தாள். அவள் கையில் ராசம்மாவின் சுருக்குப் பை இருந்தது.

மேலே நடந்தது கீழே இருந்த கவுண்டருக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. அவ்வளவுதான். பிற்பாடு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, செலவு போக மீதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். காலையிலேயே கட்டியிருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

"என்னயக் கேட்டாளா?" என்று மட்டும் கேட்டார் செல்லசாமி.

அம்மாக்கண்ணு பொய் சொல்லத் தெரியாதவள். "வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்கண்ணே. 'மெஷின்ல கூட்டமா இருக்கும், அவரு நின்னா லேசுல முடியாது'ன்னு என்கிட்டச் சொல்லிச் சிரிச்சாங்க. அப்பறம் தூங்குன மாதிரிதான்."

உடலை ஊருக்குக் கொண்டு போகும் செலவைச் சுதாகரன் விசாரித்து வந்து சொன்னார், சொல்லாமலே இருந்திருக்கலாம். மதுரையிலேயே எரித்தார்கள். யாத்திரைத் திட்டத்தில் கடைசி நாள் இராமேஸ்வரம் என்று முதலிலேயே போட்டிருந்தது. அதனால் அஸ்தி கரைப்பதற்குத் தனிப் பயணம் எதுவும் தேவைப்படவில்லை.

விமானத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. லயத்தில் போய் என்ன சொல்லப் போகிறோம் என்று வழி நெடுக மனதுக்குள் பேசிப் பார்த்தார். ஒரு வார்த்தை. ஒரே ஒரு 'ஆமா'. பதினேழு பேரில் யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால். அதைச் சொல்லிக் கேட்டே தீருவது என்று கட்டுநாயக்காவில் இறங்கும்போது முடிவாக இருந்தார். ஹட்டனில் பஸ் மாறும்போதும் முடிவாகத்தான் இருந்தார்.

பத்தாம் நம்பர் வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். அழுது முடித்து, பிளேன்டீ கொடுத்து, மறுபடி அழுது ஓய்ந்தார்கள். ராசம்மாவின் கோழிகள் பசியோடு கால்களுக்கிடையில் ஓடின. செல்லசாமி பையைத் திறந்து, பாயின் மேல் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். யாரும் கை நீட்டவில்லை.

லெட்சுமிதான் ஆரம்பித்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"அண்ணே, அக்கா போனது எங்களுக்குத் தாங்கல. ஆனா ஒன்னு மட்டும் மனசுல வச்சுக்கங்க. அந்தப் போலீஸ்காரன் அத்தன தடவ கேட்டான். நீங்க அடி தாங்காமக் கத்துனதும் கேட்டுச்சு. அப்பவும் எங்கள்ல ஒருத்தர்கூட ஒங்களக் காட்டிக் குடுக்கல."

"நான் ஆளையே தெரியாதுன்னுட்டேன்ல," என்றார் வீரய்யா. அந்தக் காலத்தில் தவறவிட்டதை இந்தத் தடவை சரியாகச் செய்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. "ஒரு தடவ வாயத் தொறந்து பட்டது போதாதா? என்கிட்ட நடக்குமா?"

எல்லாரும் செல்லசாமியையே பார்த்தார்கள். தலைவாசலில் நின்ற பிள்ளைகள்கூட. வழி நெடுகச் சேமித்து வைத்திருந்த அந்தக் கேள்வி அவர் நாக்கு வரைக்கும் வந்தது. லெட்சுமியின் கையைப் பார்த்தார். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரல் வெளுத்துப்போயிருந்தது.

"அதனாலதான் விட்டாங்க புள்ள," என்றார் செல்லசாமி.

லெட்சுமி ஓவென்று அழுதாள். அது பாரம் இறங்கிய அழுகை. வீரய்யா தலையை ஆட்டி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கார்ட எடுத்துக்கங்க," என்றார் செல்லசாமி.

"எங்களுக்கு எதுக்குண்ணே? சம்பளத்துக்கு நீங்கதானே போகணும். ஒங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள் லெட்சுமி.

அவர் லெட்சுமி, வீரய்யா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். வீரய்யாவின் கார்டுக்குப் புதிதாகப் பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். கடைசியில் பாயில் ஒன்று மிஞ்சியது. அதன் முதுகில் ராசம்மா என்று அவர் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக. அதை மட்டும் பைக்குள் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தார்கள்.